லித்தியமும் வலி மாத்திரையும் பிரஷர் மாத்திரையும்: பழனி நடைக்கு முன்னால பேசி வைக்க வேண்டியது

பதிவு 1 | காரைக்குடி மருந்தாளுநர்

தை பிறந்துட்டா குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியா பழனிக்கு நடக்கிற கூட்டம் கிளம்பிரும். சுமார் 150 கிலோமீட்டர். அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே மருந்துக்கடையில் வலி மாத்திரை அட்டை அட்டையா போகுது. வாங்குறவங்க தனக்கு மட்டும் வாங்குறதில்லை. கூட நடக்கிற பங்காளி, மாப்பிள்ளை எல்லாருக்கும் சேர்த்து ஒரே பையில் போட்டுக்கிறாங்க. அந்தக் கூட்டத்தில் பைபோலாருக்கு (மனசு ஒரேயடியா எகிறுறதும் சோர்ந்து விழுறதும் மாறி மாறி வர்ற மனநோய்) லித்தியம் சாப்பிடுறவர் ஒருத்தர் இருந்தா, அவருக்கு அந்தப் பைதான் ஆபத்து.

மனநல டாக்டர் சீட்டு ஒரு கவரில், சுகர், பிரஷர் சீட்டு இன்னொரு கவரில். ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பார்க்க ஆளே இல்லை. நம்ம பக்கத்து ஓட்டை இதுதான். விவரம் தெரிஞ்சவங்க அவங்கவங்க துறையிலிருந்து எழுதுங்க. நோயாளி வீட்டுக்காரங்க படிச்சுப் புரிஞ்சுக்கிற மாதிரி இருக்கட்டும்.

பதிவு 2 | சிவகங்கை மனநல மருத்துவர்

நல்ல நேரத்தில் ஆரம்பித்தீர்கள். லித்தியம் 1949-லிருந்து மனநோய்க்குப் பயன்பட்டு வரும் மருந்து. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் தொடங்கி வைத்தார். மேனியா, அதாவது மனம் அளவு மீறி எகிறும் நிலை, திரும்ப வராமல் காப்பதிலும் தற்கொலை எண்ணத்தைக் குறைப்பதிலும் இன்றும் அதற்கு ஈடு குறைவு. ஆனால் பலன் தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் நடுவில் இடம் ரொம்பக் குறுகல். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். மேனியா ஏறியிருக்கும்போது 1.0 வரை கொண்டு போவோம். 1.5-ஐத் தாண்டினால் நச்சு அறிகுறிகளை எதிர்பார்க்க வேண்டும். அறுபது கடந்தவர்களுக்கு 0.4 முதல் 0.6-லேயே நிறுத்துவது நல்லது.

காரணம் சிறுநீரகத்தில் இருக்கிறது. லித்தியத்தைக் கல்லீரல் உடைப்பதில்லை, முழுக்கச் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகத்துக்கு லித்தியமும் சோடியமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வியர்த்து, வாந்தி எடுத்து, வயிற்றால் போய் உடம்பில் உப்பு குறைந்தால், சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கப் பார்க்கும். அப்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துவிடும். மாத்திரை அளவு மாறியிருக்காது, ரத்தத்தில் மட்டும் ஏறிக்கொண்டே போகும். டைக்ளோஃபினாக், ஐப்யூபுரூஃபன், அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு வரும் ரத்த ஓட்டத்தைக் குறைத்து அதே வேலையைச் செய்கின்றன. வெயிலில் நடை, வியர்வை, வலி மாத்திரை மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

பதிவு 3 | காரைக்குடி மருந்தாளுநர்

நன்றி டாக்டர். கடைப்பக்கம் நடக்கிற ஒரு தவறைச் சொல்றேன். "பாராசிட்டமால் மட்டும் போடு"ன்னு சொல்லி அனுப்புறோம். அவங்க கையில் இருக்கிற அட்டையைத் திருப்பிப் பாருங்க. பெரிய எழுத்தில் கம்பெனிப் பேர், கீழே பொடி எழுத்தில் "அசிக்ளோஃபினாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி." அப்படின்னு இருக்கும். பாராசிட்டமால்ங்கிற வார்த்தையைப் பார்த்ததும் இதுதான் சரின்னு நினைச்சுக்கிறாங்க. கூட்டு மாத்திரையில் ரெண்டு பேர், சிலதில் மூணு பேர் இருக்கும். லித்தியம் போடுறவங்க வாங்குற அட்டையில் பாராசிட்டமால் ஒண்ணே ஒண்ணுதான் எழுதியிருக்கணும். 500 மி.கி. அல்லது 650 மி.கி. தனி மாத்திரை.

பாதத்துக்கு ஐஸ், கால் தைலம், காலை உயர்த்தி வச்சுப் படுக்கிறது, இதெல்லாம் தாராளமா செய்யலாம். வழியில் முகாமில் "வலிக்கு ஒரு ஊசி போடுங்க"ன்னு கேக்குறாங்களே, அதிலும் பல நேரம் டைக்ளோஃபினாக்தான் இருக்கும். ஊசின்னா பரவாயில்லைன்னு நினைக்காதீங்க, மாத்திரைக்கு உள்ள ஆபத்து அதுக்கும் உண்டு. இதயத்துக்காகத் தினம் போடுற 75 மி.கி. ஆஸ்பிரின் மட்டும் இந்தக் கணக்கில் வராது, அதை நிறுத்தாதீங்க.

பதிவு 4 | புதுவயல் பொது மருத்துவர்

பிரஷர் மாத்திரை பற்றி நான் எழுதுகிறேன். வலி மாத்திரை நாலு நாள் விஷயம், பிரஷர் மாத்திரை வருடக்கணக்கில் போடுவது. அதனால் இதைத்தான் பெரிதாகப் பார்க்க வேண்டும்.

லித்தியத்தை ஏற்றிவிடும் பிரஷர் மருந்துகள் மூன்று வகை. ஒன்று எனலாப்ரில், ராமிப்ரில். இரண்டு லோசார்டன், டெல்மிசார்டன். மூன்று சிறுநீரைக் கூட்டும் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன். மூன்றாவது வகைதான் மோசம், ரத்த அளவை 25 முதல் 40 சதவீதம் வரை உயர்த்தக்கூடியது. 0.8-ல் இருந்தவர் 1.1-க்குப் போய்விடுவார், அதன் மேல் ஒரு நாள் வயிற்றுப்போக்கு வந்தால் போதும். முதல் இரண்டு வகையில் உயர்வு உடனே தெரியாது, சில வாரம் கழித்தும் ஏறும். மாத்திரை மாற்றின வாரமே பார்த்துவிட்டு "லெவல் சரியா இருக்கு" என்று விட்டுவிடக் கூடாது. முதல் ஒரு மாதம் வாராவாரம் பார்ப்பது பாதுகாப்பு.

டெல்மிசார்டனும் தயசைடும் சேர்ந்த கூட்டு மாத்திரை நம் ஊரில் மிக அதிகம். பிராண்டு பெயருக்குப் பின்னால் "எச்" என்றோ "சி.டி." என்றோ ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அதுதான். லித்தியம் போடுபவருக்கு முதலில் நான் எழுதுவது அம்லோடிபின். லித்தியத்தோடு அது சண்டை போடுவதில்லை. வேறு வழியில்லாமல் டெல்மிசார்டன்தான் வேண்டும் என்றால், லித்தியம் அளவைக் குறைத்து, ரத்தம் பார்த்துக்கொண்டே கொடுக்கலாம். இரண்டு டாக்டரும் பேசிக்கொண்டால்தான் அது நடக்கும்.

இன்னொன்று. பிரஷர் என்று கண்டதும் "உப்பைக் குறைங்க" என்கிறோம். உப்புக்கண்டம், ஊறுகாய், வத்தல், அப்பளம் என்று பழகின நாக்கு திடீரென்று உப்பில்லாக் கஞ்சிக்கு மாறினால் லித்தியம் ஏறும். உப்பைக் குறைக்கலாம், மெதுவாகக் குறைக்க வேண்டும், ஒரு வாரத்தில் லெவல் பார்க்க வேண்டும்.

பதிவு 5 | பள்ளத்தூர் செவிலியர்

டாக்டர், ஒரு சந்தேகம். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்ததிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே போயிருது. வீட்டில் இருக்கிற ஆச்சிக்கு பிரஷர் மாத்திரை குடுக்கிற அக்காவுக்கு, அதே ஆச்சி மனநல ஓ.பி.யில் லித்தியம் வாங்குறாங்கன்னு தெரிய வழியே இல்லை. வீட்டுக்காரங்களும் அந்த மாத்திரையை வெளிய காட்டுறதில்லை, அலமாரிக்குள்ள வச்சிருப்பாங்க. என்ன கேட்டா வெளிய வரும்?

பதிவு 6 | கோட்டையூர் குடும்ப ஆலோசகர்

சிஸ்டர், "மனநோய் மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா"ன்னு கேட்டா இல்லைன்னுதான் பதில் வரும். "தூக்கத்துக்கோ நரம்புக்கோ மாத்திரை உண்டா? ரத்தம் எடுத்து அளவு பாக்கிற மாத்திரை ஏதாவது உண்டா?"ன்னு கேளுங்க. லித்தியத்தை "நரம்பு மாத்திரை"ன்னு சொல்ற குடும்பம்தான் அதிகம். கேக்குறப்ப மருமகள், பக்கத்து வீட்டு ஆயா எல்லாரும் நிக்கிற முற்றத்தில் வச்சுக் கேக்காதீங்க. பெரிய வீட்டில் ஒதுங்கிப் பேச ஒரு இடம் கிடைக்கும். அட்டையைக் கண்ணால பாக்குறதுதான் முக்கியம்.

பதிவு 7 | தேவகோட்டை ஆய்வகம்

லெவல் பாக்கணும்னு எல்லாரும் சொல்றீங்க, எப்படிப் பாக்கணும்னு நான் சொல்றேன். தப்பா எடுத்த லெவல், எடுக்காததைவிட மோசம்.

கடைசி மாத்திரைக்கும் ரத்தத்துக்கும் நடுவில் 12 மணி நேரம். ராத்திரி 9 மணிக்குப் போட்டா காலை 9 மணிக்கு ரத்தம். காலையிலும் மாத்திரை உள்ளவங்க அன்னிக்கு ரத்தம் குடுத்த பிறகுதான் காலை மாத்திரை போடணும். மாத்திரை முழுங்கிட்டு ரெண்டு மணி நேரத்தில் வந்தா அளவு தாறுமாறா ஏறிக் காட்டும், டாக்டர் பயந்து டோஸைக் குறைப்பார், நோய் திரும்பும். வெறும் வயிறு தேவையில்லை. சுகர், கொழுப்பு சேர்த்துப் பாக்கிறதா இருந்தா மட்டும் வெறும் வயிறு.

ட்யூப் விஷயத்தை ரொம்பக் கவனிக்கணும். பச்சை மூடி ட்யூபுக்குள்ள ரத்தம் உறையாம இருக்க ஹெப்பரின் தடவியிருக்கும். பல கம்பெனியில் அது லித்தியம் ஹெப்பரின். அதாவது ட்யூபுக்குள்ளயே லித்தியம் இருக்கு. அதில் எடுத்தா லித்தியத்தைத் தொடாத ஆளுக்கே நச்சு அளவு மாதிரி காட்டும். ரத்தம் கம்மியா நிரப்பினா இன்னும் கூடும். சிவப்பு மூடி இல்லாட்டி மஞ்சள் மூடி ட்யூபில்தான் எடுக்கணும். ரத்தம் எடுக்கிற தம்பிகிட்ட "லித்தியம் டெஸ்ட்"னு வாயால சொல்லுங்க. ஆள் நல்லா நடந்து வந்திருக்கார், ரிப்போர்ட்டில் 2.8-னு இருக்குன்னா, முதல்ல ட்யூப் நிறத்தைக் கேளுங்க. உடனே மறுபடி எடுத்துப் பாருங்க.

பதிவு 8 | சிவகங்கை மனநல மருத்துவர்

ஆய்வகத் தம்பி எழுதியதை அச்சடித்து ஒட்டி வைக்கலாம். எத்தனை தடவை என்பதையும் சேர்த்துவிடுகிறேன். ஆரம்பித்ததும், டோஸ் மாற்றினதும் 5 முதல் 7 நாளில். நிலைக்கு வரும்வரை வாராவாரம். முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை. வயதானவர், சிறுநீரகம் கெட்டவர், மேலே சொன்ன பிரஷர் மாத்திரை போடுபவர் என்றால் எப்போதும் 3 மாதம்தான். கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு, கால்சியம் மூன்றும் 6 மாதத்துக்கு ஒருமுறை. கால்சியத்தை எல்லோரும் மறக்கிறார்கள். லித்தியம் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியைத் தூண்டிவிட்டுக் கால்சியம் ஏறினால் மலச்சிக்கல், சோர்வு, சிறுநீரகக் கல் என்று வரும். தைராய்டு குறைந்தாலும் ஆள் சுணங்கிப் படுத்துவிடுவார். "மனச்சோர்வு திரும்பிவிட்டது" என்று புது மாத்திரை சேர்ப்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

பதிவு 9 | பாதயாத்திரை முகாம் தொண்டர்

நடக்கிற அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் லித்தியத்தை நிறுத்தி வச்சா என்ன? பிரச்சனையே இல்லாம போயிருமே?

பதிவு 10 | சிவகங்கை மனநல மருத்துவர்

தயவுசெய்து செய்யாதீர்கள், யாருக்கும் சொல்லவும் செய்யாதீர்கள். லித்தியத்தை வெடுக்கென்று நிறுத்தினால் மேனியா முன்பைவிட வேகமாகத் திரும்பும். நிறுத்தியே ஆக வேண்டும் என்றாலும் குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் எடுத்துக் குறைப்போம். இதில் இன்னொரு பக்கமும் உண்டு. நடைக்காரர்கள் வெயிலுக்கு முன் தூரத்தைக் கடக்க நள்ளிரவு தாண்டியதுமே எழுந்து கிளம்புகிறார்கள். பைபோலார் உள்ளவருக்குத் தூக்கக் குறைவே மேனியாவைக் கிளப்பப் போதுமானது. மருந்தும் இல்லை, தூக்கமும் இல்லை என்றால் நத்தம் தாண்டுவதற்குள் பேச்சு வேகமாகிவிடும். அவர் நடக்கட்டும். ஆனால் தொடர்ந்து 6 மணி நேரமாவது தூங்கும்படி குழுவில் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். தினம் பாதித் தூரத்தை வண்டியில் போவது தப்பில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் வந்தால் அடுத்த டோஸைப் போடாமல், அன்றைக்கே டாக்டரைப் பார்த்து லெவலும் கிரியேட்டினினும் எடுக்க வேண்டும். அதுவரை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். அரைப் பொட்டலம் ஒரு டம்ளரில் என்று கண் அளவில் கலக்க வேண்டாம். உப்புப் போட்ட மோரும் நல்லது. வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் உப்பு ஈடாகாது.

விரதம் என்று காப்பியைத் திடீரென்று விடுபவர்களும் இதைக் கவனிக்கட்டும். காப்பி லித்தியத்தைக் கொஞ்சம் வெளியேற்றும். தினம் நாலு டம்ளர் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் அளவு ஏறும்.

பதிவு 11 | புதுவயல் பொது மருத்துவர்

முகாமில் இருப்பவர்களுக்கு அடையாளம் சொல்ல வேண்டும். லித்தியம் போடுபவர் பலருக்குக் கை விரல் லேசாக நடுங்கும், டம்ளரைப் பிடித்தால் தெரியும். அது பழைய நடுக்கம். கை முழுக்க உதறுவது, நாக்கு குழறுவது, தள்ளாடி நடப்பது, வாந்தி, தூங்கி வழிவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, இவை வந்தால் நச்சு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "குடிச்சிருக்கான்" என்று ஓரமாகப் படுக்க வைப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. "களைப்பு, பித்தம்" என்று கஷாயம் கொடுப்பது அடுத்த தவறு. சிறுநீரைக் கூட்டும் மூலிகை அதில் இருந்தால் நிலைமை இன்னும் கெடும்.

லித்தியத்தை நிறுத்து, 108-ஐக் கூப்பிடு, டயாலிசிஸ் வசதி உள்ள இடத்துக்குக் கொண்டு போகச் சொல். சலைன் ஏற்றியே பலர் தேறிவிடுவார்கள். வலிப்போ நினைவு தவறுதலோ இருந்தால் லெவல் எண் எவ்வளவு என்று காத்திராமல் டயாலிசிஸ் செய்ய வேண்டும். நாள்பட்டுச் சேர்ந்த நச்சில் ரத்த அளவு 2-க்குக் கீழே இருக்கும்போதே மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம். தாமதித்தால் தள்ளாட்டம் நிரந்தரமாகத் தங்கிவிடும் ஆபத்து உண்டு. விஷம் குடித்தவருக்குக் கொடுக்கும் கரித்தூள் லித்தியத்தைப் பிடிக்காது, அதில் நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

பதிவு 12 | பள்ளத்தூர் செவிலியர்

லித்தியம் இல்லாம அதே பைபோலாருக்கு ஒலான்சபின், குவெட்டியபின், வால்ப்ரோயேட்னு வேற மாத்திரை போடுறவங்க நிறைய. அவங்களுக்கு நச்சு பயம் இல்லைன்னு விட்றலாமா?

பதிவு 13 | சிவகங்கை மனநல மருத்துவர்

விட்டுவிட முடியாது சிஸ்டர். பைபோலார் உள்ளவர்களின் ஆயுள் மற்றவர்களைவிடச் சுமார் பத்து வருடம் குறைகிறது. தற்கொலை அதில் ஒரு பங்குதான். பெரும் பங்கு மாரடைப்பும், சர்க்கரையும், பக்கவாதமும். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் இதற்கென்றே தனி வழிகாட்டி வெளியிட்டது. நெஞ்சு வலிக்கிறது என்று வந்தவரின் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு "பதற்றம்தான்" என்று அனுப்பிவிடுகிறார்களே, அது என்னை உண்மையிலேயே வருத்துகிறது. அவருக்குத்தான் ஈ.சி.ஜி. முதலில் எடுக்க வேண்டும்.

ஒலான்சபின் ஆரம்பித்த முதல் 6 வாரம் வாராவாரம் எடை. ஒரே மிஷின், காலையில், ஒரே மாதிரி உடையில். 60 கிலோ இருந்தவர் 63-ஐத் தொட்டால் 5 சதவீதம் ஏறியாயிற்று. அப்போதே மருந்தை மாற்றுவதா, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சேர்ப்பதா என்று பேச வேண்டும். 75 கிலோ ஆன பிறகு பேசிப் பயன் குறைவு. இடுப்புச் சுற்றளவை வேட்டி முடிச்சின் மேலோ புடவைக் கொசுவத்தின் மேலோ அளக்கிறார்கள். துணியை விலக்கி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பு மேட்டுக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக விட்ட பிறகு படிக்க வேண்டும். ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. நம் ஊர் உடம்புக்கு எல்லை. சர்க்கரையும் கொழுப்பும் ஆரம்பத்தில், 12 வாரத்தில், பிறகு வருடத்துக்கு ஒருமுறை.

இந்த மருந்து ராத்திரியில் பசியைக் கிளப்பும். சீர்ப்பலகாரம் டின் டின்னாக இருக்கும் வீட்டில் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம். அதிரசமும் மாவுருண்டையும் கைக்கு எட்டாத அறைக்குப் போகட்டும். அவரைத் திட்டுவதில் பலனில்லை. பசி மருந்தால் வருவது.

பதிவு 14 | தேவகோட்டை ஆய்வகம்

தாகம் பத்தி ஒரு வார்த்தை. லித்தியமும் ஒலான்சபினும் சேர்த்துப் போடுறவர் "தாகம் தாங்கலை, ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறேன்"னு சொன்னா, லித்தியம்னாலே அப்படித்தான்னு விட்றாதீங்க. முதல்ல சுகர் பாருங்க. வெறும் வயிற்றில் 126, இல்லாட்டி மூணு மாச சராசரி 6.5-ஐத் தொட்டா, மறுபடி ஒருக்கா பார்த்து உறுதி பண்ணுங்க, அது சர்க்கரை. ரத்தசோகை இருந்தா சராசரி தப்பாக் காட்டும், வெறும் வயிறு டெஸ்ட்தான் நம்பிக்கை. சுகர் சரியா இருந்து, ஒரு நாளைக்கு 3 லிட்டருக்கு மேல சிறுநீர் போனா அது லித்தியம் சிறுநீரகத்தில் பண்ற வேலை. அவருக்குத் தண்ணியை மட்டும் அளந்து குடுக்கக் கூடாது, லித்தியம் ஏறிரும். கலர் சோடாவால தாகம் தீர்க்கவும் விடாதீங்க.

பதிவு 15 | கோட்டையூர் குடும்ப ஆலோசகர்

வால்ப்ரோயேட் பத்தி யாரும் எழுதலை. கல்யாணப் பேச்சு நடக்கிற பெண்களுக்கு இது போய்க்கிட்டே இருக்கு.

பதிவு 16 | சிவகங்கை மனநல மருத்துவர்

சரியாகப் பிடித்தீர்கள். கர்ப்பத்தில் வால்ப்ரோயேட் போட்டால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பெரிய பிறவிக் குறைபாடு, பத்தில் மூன்று நான்கு குழந்தைக்கு வளர்ச்சி, கற்றல் குறைபாடு. முதுகுத்தண்டு மூடுவது கருத்தரித்த 28 நாளுக்குள். "நாள் தள்ளிப்போச்சு" என்று தெரிவதற்குள் முடிந்துவிடும். ஃபோலிக் அமிலம் 5 மி.கி. கொடுத்தாலும் இந்த ஆபத்து போகாது. குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு வால்ப்ரோயேட்டை ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது. ஏற்கெனவே போடுபவர் தானாக நிறுத்தாமல், கல்யாணத்துக்குச் சில மாதம் முன்பே டாக்டரிடம் மாற்றச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பது குடும்பத்தின் முடிவு, டாக்டரிடம் மறைக்க மட்டும் கூடாது.

லாமோட்ரிஜின் என்ற இன்னொரு பைபோலார் மருந்துக்கு மாற்றினால் வேகம் கூடாது. 25 மி.கி. இரண்டு வாரம், 50 மி.கி. இரண்டு வாரம், பிறகுதான் மேலே. வால்ப்ரோயேட்டும் கூடப் போகிறது என்றால் அதிலும் பாதி, ஒருநாள் விட்டு ஒருநாள் 25-ல் ஆரம்பம். காய்ச்சலோடு தடிப்போ, வாயில் புண்ணோ வந்தால் அன்றைக்கே நிறுத்தி ஓடி வர வேண்டும். 5 நாளுக்கு மேல் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது, மறுபடி 25-லிருந்து.

பதிவு 17 | காரைக்குடி மருந்தாளுநர்

ரெண்டு சின்ன விஷயம். பீடி, சிகரெட் புகை ஒலான்சபினைச் சீக்கிரம் கரைச்சிரும். மாலை போட்டுப் பீடியை விட்டவருக்கு அதே டோஸ் அதிகமாகித் தூங்கி வழிவார், டாக்டர்கிட்ட சொல்லணும். புகையிலை மெல்றவங்களுக்கு இந்த விளைவு கிடையாது. ரெண்டாவது, வால்ப்ரோயேட் போடுறவரை ஐ.சி.யூ.வில் சேர்த்து மெரோபெனம்ங்கிற ஆன்டிபயாடிக் ஊசி போட்டா ரெண்டே நாளில் வால்ப்ரோயேட் அளவு தரைக்கு வந்துரும். சேர்க்கிறப்பவே சீட்டைக் காட்டுங்க.

சீட்டுன்னு சொன்னதும் ஒரு யோசனை: லித்தியம் போடுறவர் எப்பவும் கையோட வச்சுக்க ஒரு குறிப்பு அட்டை எழுதிக் குடுக்கலாம். தபால் அட்டை அளவு போதும். மருந்துப் பேர், டோஸ், கடைசி லெவல், தேதி, கடைசி கிரியேட்டினின், "வலிக்குப் பாராசிட்டமால் மட்டும்" அப்படின்னு ஒரு வரி, ரெண்டு டாக்டர் போன் நம்பர். நோய்ப் பேர் எழுத வேணாம், லித்தியம்னு இருந்தாலே டாக்டருக்குப் புரியும்.

பதிவு 18 | பாதயாத்திரை முகாம் தொண்டர்

புரியுது அண்ணே, நிறுத்தச் சொல்லக் கூடாது. அட்டையை போன் கவருக்குப் பின்னாடி சொருகச் சொல்றோம். ராத்திரியில் பயமா இருந்தா யாரைக் கேக்க?

பதிவு 19 | பள்ளத்தூர் செவிலியர்

மனசுக்கு 14416, டெலி மானஸ், எந்த நேரமும் தமிழ்ல பேசலாம். உதறல், குழறல், தள்ளாட்டம்னா அதுக்கெல்லாம் போன் பண்ணிப் பேசிக்கிட்டு இருக்காம நேரா 108.

பதிவு 20 | தேவகோட்டை ஆய்வகம்

நடை கிளம்ப 10 நாள் முன்னாடியே லெவல் எடுத்துருங்க. டாக்டர் டோஸ் மாத்தினாலும் மறுபடி பாக்க 5 முதல் 7 நாள் வேணும், அப்பத்தான் கணக்கு சரியா வரும். ராத்திரி 9 மணி மாத்திரை, காலை 9 மணி ரத்தம், மஞ்சள் மூடி.